அந்தப் பக்கம் பிரேக் இல்லை

செப்டம்பர் 4, வியாழன்

இந்த டைரியை மகள் கோதை வாங்கிக் கொடுத்தது பிரஷர் அளவு எழுதி வைக்க. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இன்றைக்கு இரண்டு தடவையும் நன்றாக இருக்கிறது. இனி மற்ற விஷயங்கள்.

காலையில் மகளுக்கும் எனக்கும் சண்டை. மிச்சிகனில் கத்திச் சண்டை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவாராம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, கோயிலில் பேசுகிற குரலில் சண்டை போட வேண்டியிருக்கிறது. கோயிலுக்கே போகாத எனக்கு இது இரட்டைத் தண்டனை.

விஷயம் இதுதான். பங்குனி மாதம் கோவில்பட்டி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மயங்கி விழுந்தீர்கள் என்கிறாள் கோதை. விமானம் ஏறி வந்து, என்னை மூட்டை கட்டிக் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டாள். இப்போது நிரந்தரமாக இங்கேயே தங்க மனுப் போட வேண்டும் என்கிறாள். எனக்கு ஊருக்குப் போக வேண்டும். அங்கே என் வீடு இருக்கிறது, என் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது, விடிந்ததும் திட்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே டிவி ரிமோட்டைத் தவிரத் திட்டுவதற்கு நாதியில்லை.

"தனியா எப்படிப்பா இருப்பீங்க?"

"உங்கம்மா போனதுல இருந்து தனியாத்தான இருக்கேன்."

"அதான் விழுந்தீங்க."

கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்து நின்றோம். பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறதாம். ஊஞ்சல், சறுக்குமரம் உள்ள பூங்கா இல்லை. காடு, மேடு, சதுப்பு எல்லாம் சேர்ந்தது. சுற்றி வர ஒரு பகல் பிடிக்குமாம்.

"அதை முழுசா ஒரு சுத்து, என் கையைப் பிடிக்காம நடந்து முடிங்க. முடிச்சா டிக்கெட் நானே போட்டுத் தாரேன். முடியலைன்னா வாயை மூடிட்டு இங்கயே இருக்கணும்."

"வாயை மூடிட்டா?"

"சரி, வாயைத் திறந்துட்டு இருங்க."

ஒத்துக்கொண்டேன். அக்டோபரில் இலை நிறம் மாறியதும் போவதாகப் பேச்சு.

செப்டம்பர் 6, சனி

பயிற்சி தொடக்கம். பெரிய கடை வளாகத்துக்குள் நடந்தேன். வெளியே நடக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் சிரித்து வணக்கம் சொல்கிறார்கள். கோவில்பட்டியில் முன்பின் தெரியாதவன் சிரித்தால் நாம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம்.

போக வர கோதைதான் காரை ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில். முக்கால் ஆயுள் இந்த இருக்கையில்தான் கழிந்தது என்றாலும் என் வண்டியில் எனக்குத் தனியாக ஒரு பிரேக் உண்டு. எல்லா டிரைவிங் ஸ்கூல் வண்டியிலும் உண்டு, வாத்தியார் காலடியில். இவள் வண்டியில் வெறும் கால்மிதிதான். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் என் வலது கால் அதைப் போட்டு மிதிக்கிறது.

"அப்பா, அந்தப் பக்கம் பிரேக் இல்லை."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்கிறாள். போதாததற்கு இங்கே ஒருவனும் ஹாரன் அடிப்பதில்லை. ரோடு முழுக்க வண்டி, ஆனால் துஷ்டி வீட்டில் பிணம் எடுத்த பிறகு இருக்கிற அமைதி.

செப்டம்பர் 13, சனி

சதுப்பில் நடக்க பூட்ஸ் வேண்டுமாம். மாப்பிள்ளை மணிமாறனுக்கும் எனக்கும் ஒரே கால் அளவு. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் போனபோது என் காலில்தான் போட்டுப் பார்த்தோம். அவர் இப்போது ஆபீஸ் வேலையாக டெக்சாஸில் இருக்கிறார். நான் வந்ததிலிருந்து டெக்சாஸில்தான் இருக்கிறார்.

"மாப்பிள்ளை பூட்ஸ் ஒண்ணு கிடக்குமே, அதை எடுத்துக்கிடுதேன்," என்று சொல்லிக்கொண்டே மாடி அலமாரியைத் திறந்தேன். இடது பக்கம் கோதையின் துணிகள் இடம் போதாமல் பிதுங்கிக்கொண்டு நின்றன. வலது பக்கம் ஹேங்கர்கள் மட்டும் தொங்கின. பூட்ஸ் இல்லை, குளிர் கோட்டு இல்லை, ஒரு பெல்ட்டுகூட இல்லை.

கோதை பின்னாலேயே ஓடி வந்து கதவைச் சாத்தினாள். "புதுசு வாங்கிரலாம்ப்பா. அடுத்தவங்க ஷூ காலைக் கடிக்கும்."

டெக்சாஸில் ரொம்பக் குளிர் போலிருக்கிறது என்று சொன்னேன். ஆமாம் என்றாள். வெயிலுக்குப் பேர் போன ஊர் என்று போன வாரம் டிவியில் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

புது பூட்ஸ் காலைக் கடிக்கிறது.

செப்டம்பர் 20, சனி

தங்கச்சி பார்வதி சங்கரன்கோவிலில் இருந்து வீடியோவில் வந்தாள். என்னைப் பார்த்ததும் இளைத்துவிட்டேன் என்றாள். கோதையைப் பார்த்து அவளும் இளைத்துவிட்டாள் என்றாள். அப்புறம் வழக்கமான கேள்வி.

"மாப்பிள்ளையை எங்கட்டி?"

"குளிச்சிட்டிருக்கார் அத்தை."

போன மாதம் கேட்டபோதும் குளித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின மாதம் ஆடிச் செவ்வாய்க்குக் கூப்பிட்டபோதும் குளித்துக்கொண்டிருந்தார். எனக்கு டெக்சாஸ், பார்வதிக்குக் குளியல். ஒருவேளை டெக்சாஸில் குளிக்கிறாரோ என்னவோ. இவ்வளவு நேரம் ஊறினால் மனுஷன் என்னத்துக்கு ஆவான்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டிவரும். சொல்லத் தயாராக இருந்தால் அவளே சொல்லியிருப்பாள். எனக்கு என்ன, நான் ஊருக்குப் போகிறவன்.

பிரஷர் கொஞ்சம் கூட. ஊறுகாய்தான் காரணம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கடையில் நடந்துவிட்டு வரும்போது கோதை பழைய கதையை எடுத்தாள். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். காலேஜ் சேர்ந்த வருஷம். எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வண்டி ஆட்டின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நான் எப்படி நிறுத்தினேன் தெரியுமா," என்று இரவு சாப்பாடு முடிகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அந்த ஆட்டைக் காப்பாத்துனது நான்தான?" என்று இப்போதும் கேட்டாள்.

"நீதான்," என்றேன்.

எங்கள் தொழிலில் இது அடிப்படை. வாத்தியார் பிரேக்கை மிதிக்கலாம், மிதித்தது தெரியக் கூடாது. ஓட்டுகிறவன் தானே நிறுத்தினதாக நினைக்க வேண்டும். படக்கென்று மிதித்து, "யோவ், கண்ணு எங்க இருக்கு," என்று கத்துகிற வாத்தியாரிடம் படித்தவன் கடைசிவரை வண்டியைப் பார்த்தாலே நடுங்குவான். நான் மற்ற நேரமெல்லாம் கத்துவேன், பிரேக் போடும்போது மட்டும் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பேன்.

அக்டோபர் 3, வெள்ளி

டிரைவிங் ஸ்கூலைப் பார்த்துக்கொள்ளும் பார்வதி மகன் சுடலைமுத்து போன் செய்தான். ஐப்பசியில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் மகிழ்ச்சிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

நாளைக்கு நடை. கோதை காலாவதி ஆகாத ஏதோ பத்தியச் சாப்பாட்டையெல்லாம் பையில் அடுக்கினாள். அதில் எனர்ஜி பார் என்று ஒன்று. பிரித்துத் தின்று பார்த்தேன். கடலைமிட்டாய் செய்யத் தெரியாதவன் வெல்லத்துக்குப் பதில் பசை ஊற்றிச் செய்தது. கோவில்பட்டிக்காரனிடமே இதை நீட்டுகிறார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சமிருந்த கடலைமிட்டாயை என் பையில் வைத்துக்கொண்டேன். கூடவே ஒரு துண்டு. அவள் பார்க்காத நேரத்தில் என் ரப்பர் செருப்பையும் அடியில் செருகினேன். அந்த பூட்ஸ் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அப்பா, நாளைக்குப் புரட்டாசி சனி. முட்டை கிடையாது."

கடவுள் இல்லை என்று நாற்பது வருஷம் மேடைக்கு மேடை கைதட்டினவன் மகள் இது.

அக்டோபர் 11, சனி

நீளமாக எழுத வேண்டிய நாள். தைலம் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன். இந்தப் பக்கங்களில் வாடை அடித்தால் அது தைலம்தான்.

வெயில் அடித்தது, ஆனால் சூடு இல்லை. இங்கத்து வெயில் போட்டோவில் இருக்கிற வெயில் மாதிரி. பூங்கா வாசலில் ஒரு பலகை. கோதை அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் மேல் பனிக்கட்டி மலை உயரத்துக்குக் கிடந்ததாம். அது பின்வாங்கிப் போனபோது பெரிய பெரிய கட்டிகளை உடைத்து மண்ணுக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டதாம். அந்தக் கட்டிகள் மெதுவாக உருகி, இருந்த இடமெல்லாம் பள்ளமாகி, பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகி, குளத்தின் மேல் பாசி படர்ந்து மெத்தையாகிவிட்டதாம்.

"போனது போயிருச்சு. பள்ளம் மட்டும் நிக்குது," என்றாள் கோதை. பலகையில் அப்படியும் எழுதியிருந்ததா என்று தெரியவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாறை ஒற்றையாகக் கிடந்தது. சுற்றிலும் பாறை இனமே கிடையாது. வடக்கே எங்கேயோ இருந்ததைப் பனிக்கட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டதாம். எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது. அதையும் யாரும் கேட்காமல்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊராக இருந்தால் இந்நேரம் மஞ்சளைப் பூசி உண்டியல் வைத்திருப்பார்கள். தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தேன்.

என் நடை நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மேட்டில் ஏறும்போது கோதைக்குத்தான் மூச்சு வாங்கியது. மதியத்துக்கு முன்பே பாதி தாண்டிவிட்டோம். ஊருக்குப் போனதும் வண்டிக்குப் புது டயர் போடப்போவதையும், சுடலைமுத்துவை முதல் வேலையாகத் திட்டப்போவதையும் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில் சதுப்பு வந்தது. குறுக்கே மரப்பலகை போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பச்சையும் சிவப்புமாகப் பாசி மெத்தை. அதற்குள் பூச்சியைப் பிடித்துத் தின்கிற குடுவைச் செடிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. மஞ்சளாகிப் போன ஊசி இலை மரங்கள், குட்டை குட்டையாக. பலகையை விட்டு இறங்காதே என்று ஒரு எச்சரிக்கை. அதைக் கோதைதான் எனக்குப் படித்துக் காட்டினாள், விரலை ஆட்டி.

அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆபீஸ் கால்ப்பா. இங்கயே இருங்க."

சனிக்கிழமை ஆபீஸ். என் காதுக்கு எட்டாத இடமாகத் தேடி வேகமாக நடந்தாள். நடைபாதை வளைகிற இடத்தில் அவள் வளையவில்லை. பேசிக்கொண்டே பலகையை விட்டு இறங்கிவிட்டாள். நான் கத்துவதற்குள் நாலு எட்டு வைத்துவிட்டாள். மெத்தை முழுக்க ஒரு குலுங்கு குலுங்கியது. அடுத்த எட்டில் வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது.

"அப்பா."

அவ்வளவுதான் சொன்னாள், மெதுவாக. எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. ஆனால் குரல் மட்டும் பழைய வாத்தியார் குரலாக வந்தது. எங்கிருந்து வந்ததோ.

"பதறாத. காலை ஆட்டாத. பின்னால சாய், நாற்காலில சாயுத மாதிரி. கையை அகட்டி வை. அவ்வளவுதான்."

பலகையில் குப்புறப் படுத்து, துண்டை முறுக்கி வீசினேன். மூன்றாவது வீச்சில் பிடித்தாள். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் போன். அதை மட்டும் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் இழுக்க, அவள் நெளிந்து நெளிந்து வர, ஒருவழியாகச் சதுப்பு காலை விட்டது. ஷூவை விடவில்லை.

பலகையில் ஏறி உட்கார்ந்தாள். தொடையிலிருந்து பாதம்வரை தார் பூசியது மாதிரி கறுப்பு.

"கையைப் பிடிக்கல, துண்டைத்தான் பிடிச்சோம். பந்தயம் செல்லும்," என்றேன்.

சிரிக்கவில்லை. போன் மறுபடி அடித்தது. பார்த்தாள். அணைத்தாள்.

"ஆபீஸா?"

"ஆமா."

"சனிக்கிழமையும் விட மாட்டாங்க போல."

"விட்டுட்டாங்கப்பா," என்றாள். அப்புறம், "ஷூ போச்சு," என்றாள். அதைச் சொன்னதும் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா இறந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, ஒரு ஷூவுக்காக.

நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரர் நின்று, எல்லாம் சரியா என்று கேட்டார். "ஷூ, ஷூ," என்று பள்ளத்தைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். ஷூவுக்கு நல்ல மரியாதை.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கடலைமிட்டாயை உடைத்துக் கையில் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றாள். பிறகு பையிலிருந்து என் ரப்பர் செருப்பை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

"இதை எதுக்குப்பா கொண்டு வந்தீங்க?"

"பூட்ஸ் மேல நம்பிக்கை இல்ல."

முதல் தடவையாகச் சிரித்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

கடைசிப் பகுதி ஒரு நீளமான மேடு. பனிக்கட்டிக்கு அடியில் ஓடிய ஆறு கொட்டிவிட்டுப் போன சரளை மண்ணாம், ரயில் பாதைக் கரை மாதிரி நேராகப் போகிறது. ஏறி முடித்ததும் கீழே கார் நிறுத்துமிடம் தெரிந்தது. எங்கள் கார்கூடத் தெரிந்தது. எனக்குக் கால் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. அவளைவிட நான் முன்னால் இருந்தேன். இன்னும் ஒரு இறக்கம், கோவில்பட்டி.

பின்னால் டப் டப் என்று செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். நாற்பதை நெருங்குகிற என் மகள், ஜீன்ஸ் ஒரு கால் கறுப்பும் ஒரு கால் நீலமுமாக, அப்பன் செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்துகொண்டிருந்தாள். என் பையையும் அவள் பையையும் சேர்த்து நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தாள். "ஜெயிச்சிட்டீங்கப்பா," என்றாள்.

அந்த இடத்தில்தான் முட்டி பிடித்துக்கொண்டது. வயசானால் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும். மேட்டு ஓரத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா?"

"முட்டி. ஒரு எட்டு வைக்க முடியல."

"அப்பா, கார் தெரியுது."

"கண்ணுக்குத் தெரியுது. முட்டிக்குத் தெரியணும்லா."

"கொஞ்சம் உக்காந்துட்டு நடக்கலாம். நேரம் இருக்கு."

"முடியாது தாயி. கையைக் குடு."

அவள் உடனே கொடுக்கவில்லை. "கையைப் பிடிச்சா தோத்துருவீங்க," என்றாள்.

"தெரியும். குடு."

நான் சதுப்பு இருந்த திசையை வேடிக்கை பார்த்துக்கொண்டு கையை நீட்டினேன். கொடுத்தாள். சில்லென்று இருந்தது. இறக்கம் முழுக்க அப்படியே வந்தோம். காரில் ஏறினதும் உடனே கிளப்பவில்லை.

"எந்த முட்டிப்பா?"

"இடது," என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் தைலம் தேய்க்க வந்தாள். வலது முட்டியில் நன்றாகத் தேய்த்துவிட்டாள். சுகமாக இருந்தது. தேய்த்து முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 15, புதன்

மனுவில் கையெழுத்துப் போட்டேன். சுடலைமுத்துவிடம் வரவில்லை என்று சொன்னதும் இந்தத் தடவை மகிழ்ச்சிச் சத்தம் கேட்டது. போனிலேயே திட்டிவிட்டேன். ஊர் ஞாபகம் வந்து மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. பார்வதி வீடியோவில் வந்தாள். நான் தங்கிவிட்டதில் அவளுக்கு ஒரே சந்தோஷம், மகன் சொல்லியிருப்பான். பிறகு அதே கேள்வி.

"தீபாவளிக்காவது முகத்தைக் காட்டச் சொல்லுட்டி. மாப்பிள்ளையை எங்க?"

கோதை என்னைப் பார்த்தாள். நான் முறுக்கைப் பார்த்தேன்.

"அவர் இங்க இல்ல அத்தை. போயிட்டார். தை மாசமே போயிட்டார். பிரியுறதுக்குக் கையெழுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கார். நான் போடப்போறேன்."

சங்கரன்கோவிலில் பார்வதி அழுதாள், கோதை அவளுக்கு ஆறுதல் சொன்னாள். மாப்பிள்ளை ஒருவழியாகக் குளித்து முடித்தார்.

போனை வைத்துவிட்டு, "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

"எதை?"

புதுத்துணி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் ஒரு சிவப்பு விளக்கு. கொஞ்சம் வேகமாகத்தான் வந்துவிட்டாள். என் வலது கால் ஓங்கி ஒரு மிதி மிதித்தது. வண்டி கோட்டைத் தொடாமல் அழகாக நின்றது. கோதை குனிந்து என் காலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் பிரேக் இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"முட்டி எப்படிப்பா இருக்கு?"

"வலிக்குது," என்றேன்.

"வலிக்கட்டும்," என்றாள். எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. பச்சை விழுந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பின்னால் ஒருவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நீளமாக ஹாரன் அடித்தான். இந்த ஊருக்கு வந்து நான் கேட்கிற முதல் ஹாரன் அது.